செக்ரிகேஷன்: பாகுபாடா, ஒதுக்கலா?

குப்பையை மக்குவது, மக்காதது என்று தரம் பிரிப்பதும் செக்ரிகேஷன்தான். உயிரியல் பாடத்தில் மெண்டல் சொன்ன 'தனித்துப் பிரிதல்' விதியும் அதே சொல்தான். லத்தீனில் 'செ' என்றால் விலக்கி, 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. ஓர் ஆட்டை மந்தையிலிருந்து பிரித்து ஓட்டுவதுதான் மூலப்பொருள். அமெரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி என்று சட்டம் போட்டு விலக்கி வைத்ததற்கும் இதே பெயர்.

தமிழில் இதை 'இனப் பாகுபாடு' என்று எழுதிவிடுகிறோம். அது டிஸ்கிரிமினேஷன். இரண்டையும் ஒன்றாக்கினால் அமெரிக்கப் பள்ளி வழக்குகள் விளங்கவே விளங்காது. ஏனென்றால் சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

1896இல் லூசியானா ரயில் பெட்டி குறித்த பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? பிரித்து வைப்பது மட்டுமே பாகுபாடு ஆகாது என்றது. இதுவே 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாடாகிப் பள்ளிகளையும் அரை நூற்றாண்டுக்கு மேல் கட்டிப்போட்டது. கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பின் வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷலும் முதலில் அந்தக் கோட்பாட்டை வைத்தே மடக்கினார்கள். 'சமம் என்கிறீர்களே, கறுப்பர்களுக்குச் சட்டக் கல்லூரி எங்கே?' மேரிலாந்தில் 1936இலும், மிசௌரி வழக்கில் 1938இலும் இந்த வாதம் வென்றது. சரி, நாளைக்கே சமமான கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டால்?

அந்தக் கேள்விக்கு விடை தந்தது 1950இன் மெக்லாரின் வழக்கு. ஜார்ஜ் மெக்லாரினை ஓக்லஹோமா பல்கலைக்கழகம் முனைவர் படிப்பில் சேர்த்துக்கொண்டது. அதே பாடம், அதே ஆசிரியர்கள். ஆனால் உட்கார வைத்தது வகுப்பை ஒட்டிய பக்கத்து அறையில். நூலகத்தில் தனி மேசை, சாப்பிடும் இடத்திலும் தனி மேசை. வசதியில் குறை என்று சுட்ட எதுவும் இல்லை. மிச்சமிருந்தது ஒதுக்கி வைத்தது மட்டும்தான். அதுவே அவருடைய படிப்பைக் கெடுக்கிறது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்த வரலாற்றில் எனக்கு அடுத்து வந்த புகழ்பெற்ற பிரௌன் வழக்கைவிட முக்கியமாகப் படுவது இதுதான்.

1954 மே 17 அன்று வந்த பிரௌன் தீர்ப்பு இதையே பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கான்சாஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் வழக்குகளுக்குச் சேர்த்து ஒரே தீர்ப்பு. தலைநகர் வாஷிங்டனுக்கு அன்றே தனித் தீர்ப்பு. பிரித்து வைத்த பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்றார் தலைமை நீதிபதி எர்ல் வாரன்.

ஆக, பாகுபாடு வேறு, ஒதுக்கல் வேறு. 'இன ஒதுக்கல்' என்பதே பொருத்தம். ஊரை விட்டு ஒதுக்கி வைத்தல் என்ற வழக்கின் கொடுமை அதில் அப்படியே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு நடத்திய அபார்தைட் முறைக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், அதிலும் தவறில்லை. 'இட ஒதுக்கீடு' நினைவுக்கு வருமே என்பார்கள். ஒதுக்கீடு ஒருவருக்கென எடுத்து வைப்பது, ஒதுக்கல் ஒருவரையே எடுத்து எறிவது. 'பிரிவினை' என்றால் நாடு பிரிந்ததுதான் நினைவுக்கு வரும், வேண்டாம்.

அப்புறம் டீசெக்ரிகேஷன். இது 'ஒதுக்கல் நீக்கம்'. இன்டக்ரேஷன் 'ஒருங்கிணைப்பு'. இவையும் ஒன்றல்ல. அரசியல் சட்டம் ஒருங்கிணைக்கச் சொல்லவில்லை, பாகுபாட்டைத்தான் தடுக்கிறது என்று 1955இல் தென் கரோலினா வழக்கிலேயே நீதிபதி ஜான் பார்க்கர் விளக்கம் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. வெள்ளையர் பள்ளி, கறுப்பர் பள்ளி என்று இல்லாத பள்ளி அமைப்பை உருவாக்குவது நிர்வாகத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது 1968இல், கிரீன் வழக்கில்.