புளியரை தாண்டிய அட்டைப்பெட்டி

பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரமும் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து எல்லை ஊரான புளியரையைத் தாண்டிப் புனலூருக்கோ கொல்லத்துக்கோ குடிபோகிறவர்கள் பலரும் இந்தச் சமயத்தில்தான் வண்டி பிடிக்கிறார்கள். புது அட்டைப்பெட்டி முப்பது வாங்கி, டேப் ஒட்டி, படுதா கட்டி, சரக்கு பத்திரமாகப் போய் இறங்கிவிடும். தொல்லை மூன்றாம் நாள் வரும். பின்னறையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததில் அடிப்பெட்டி வயிறு தள்ளி, மேலே இருப்பது சாய்ந்து நிற்கும். பெட்டிமேல் ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது. அதைத் தளர்த்தியது அறைக்குள் இருக்கும் காற்று.

சாதாரண அட்டை என்பது மூன்று தாள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் அலை அலையாக மடித்த ஒன்று. இதைத்தான் கடையில் ‘மூணு பிளை’ என்கிறார்கள். ஐந்து பிளையில் இரண்டு அலைத்தாள் இருக்கும். தாள்களை ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப்பசை. அலைகள் மேலிருந்து கீழாக நிமிர்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு தூண். பெட்டியைப் படுக்கப்போட்டு அடுக்கினால் அந்தத் தூண்கள் சாய்ந்துவிடும், தாங்குதிறனும் குறையும்.

காகிதத்தின் இழை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். பக்கத்து இழையோடு அதைப் பிடித்துவைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு எனும் மெல்லிய மூலக்கூறு ஈர்ப்பு. காற்றிலிருக்கும் நீராவி இழைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது அட்டையின் எடையில் 7, 8 சதவீதம் நீர். அதே அட்டை 90 சதவீத ஈரக்காற்றில் ஓரிரு நாள் இருந்தால் நீரின் பங்கு இரண்டு மடங்காகும். பெட்டி தாங்கும் பாரம் ஏறத்தாழ பாதியாகும். இதைவிட மோசமானது பகலில் காய்ந்து, இரவில் ஈரமாகி, மறுபடி காய்வது. ஒரே சீராக ஈரமாக இருக்கும் அட்டையைக் காட்டிலும் இப்படி மாறி மாறி ஈரமாகும் அட்டை பாரத்தின்கீழ் வேகமாக அமுங்கும்.

பருத்திச் சேலையும் காகிதத்தைப் போலவே செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்தான். ஆனால் பருத்தி இழை 25, 30 மில்லிமீட்டர் நீளம். முறுக்கி நூலாக்கி, குறுக்கும் நெடுக்குமாக நெய்தது. நனைந்தால் பருத்தி நூல் வலுவிழப்பதில்லை, சற்றுக் கூடுதல் வலுவே பெறும். பெட்டி அமுக்கத்தைத் தாங்கியாக வேண்டும், சேலையில் கட்டிய மூட்டை இழுப்பைத் தாங்கினால் போதும். அதனால்தான் மழைநாட்டுக்குக் குடிபோகப் புதுப் பெட்டியைவிடப் பழைய சேலை நம்பகமான சாமான்.

அட்டையே கூடாது என்பதில்லை. புதிது வேண்டாம், அவ்வளவுதான். பழைய பெட்டியைக் கரைத்துக் கூழாக்கும்போது இழைகள் இன்னும் குட்டையாகின்றன; கூழை மறுபடி தாளாக உலர்த்த ஏராளமான நீராவி தேவை. பெட்டியைப் பெட்டியாகவே இன்னொரு முறை ஓட்டினால் அந்தச் செலவு முழுவதும் மிச்சம். பழக்கடையில் கிடைக்கும் ஆப்பிள் பெட்டி 20 கிலோ அளவுக்குப் பழத்தைச் சுமந்து வடக்கேயிருந்து வந்தது, திடமானது. அதற்குள் பழத்தை இருத்தும் காகிதக்கூழ்த் தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மதுக்கடைப் பெட்டியில் புட்டிக்குப் புட்டி தடுப்பு இருக்கும். கண்ணாடித் தம்ளருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மருந்துக்கடைப் பெட்டிகள் சுத்தமானவை. மீன், எண்ணெய்ப் பெட்டிகளை விட்டுவிடலாம், வாடை துணியில் ஏறும்.

பழைய பெட்டியை எடுக்குமுன் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது மூலைகள்தான். மூலை மெத்தென்று இருந்தால் அந்தப் பெட்டிக்குத் தலையணை மட்டும் போதும். பக்கச்சுவரில் சாய்வாக ஒரு மடிப்புக்கோடு தெரிந்தால் ஏற்கெனவே ஒருமுறை நசுங்கியது. பழுப்பு விளிம்போடு தேமல் போலக் கறை இருந்தால் நனைந்து காய்ந்தது, பசை விட்டிருக்கும். கரப்பான் பூச்சி முட்டைக்கூட்டை மடிப்புக்குள் ஒட்டிவைக்கும், ஒரு கூட்டில் பதினைந்து குஞ்சு வரை இருக்கும். மடிப்புகளை விரித்து, தட்டி, ஒரு பகல் வெயிலில் போட்டுவிட்டு வீட்டுக்குள் கொண்டுவருவது நல்லது. பழைய டேப்பை உரித்த இடத்தில் மேல்தாளும் சேர்ந்து உரிந்திருந்தால் புது டேப் அங்கே பிடிக்காது. அடியில் ஒரு அட்டைத் துண்டை அதன் அலை பெட்டியின் அடி அலைக்குக் குறுக்காக வரும்படி போட்டு, சணல் கயிற்றால் கூட்டல் குறி போலக் கட்டிவிடலாம்.

‘பெரிய பெட்டியாப் பாத்து வாங்கு’ என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் யோசனை. கணக்கு வேறு சொல்கிறது. 1963இல் அமெரிக்காவில் மெக்கீயும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த சூத்திரத்தின்படி, பெட்டியின் தாங்குதிறன் அதன் சுற்றளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் உள்ளே கொள்ளும் சரக்கு நான்கு மடங்கு; தாங்குதிறனோ 1.4 மடங்கு மட்டும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, மெத்தை விரிப்புக்குப் பெரிய பெட்டி. அடுக்கும்போது மூலைமேல் மூலை நேராக நிற்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல மாற்றி அடுக்கினால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுச்சுவரில் இறங்கும். தாங்குதிறனில் பாதி வரை அங்கேயே போய்விடும்.

இந்தப் பாதையில் தினமும் ஓடும் பெட்டி ஒன்று உண்டு. தென்காசி அருகே பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட். நீரை உறிஞ்சாது. ஒன்றின் விளிம்பில் இன்னொன்று உட்காருவதால் மேல் பாரம் கிரேட்டின் சுவர் வழியாகவே இறங்கும், உள்ளே இருக்கும் சாமானை அழுத்தாது. ஆனால் புதிதாக வாங்கி ஒருமுறை மட்டும் பயன்படுத்தினால் சுற்றுச்சூழலுக்கு அட்டையைவிடக் கேடு. ஒரு கிரேட்டில் ஒன்றரை, இரண்டு கிலோ பிளாஸ்டிக் இருக்கிறது, பல நடை ஓடினால்தான் அதற்கு நியாயம். அதனால் முன்பணம் கொடுத்து வாடகைக்கு எடுப்பதே சரி. பெயிண்டால் எழுதிய எழுத்தும் எண்ணும் வியாபாரியின் அடையாளம், கேட்காமல் தூக்கக் கூடாது. சலவைச் சோடா கரைத்த நீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, உள்ளே பழைய வேட்டி விரித்தால் தயார். 54 செ.மீ. நீளம், 36 அகலம், 29 உயரமுள்ள கிரேட்டை முழுக்கப் புத்தகத்தால் நிரப்பினால் 35 கிலோவைத் தாண்டிவிடும். பாதிக்குப் புத்தகம், மீதிக்குப் போர்வை என்பதே தூக்குகிறவர் முதுகுக்கு ஏற்றது.

துணிமணிக்குச் சாக்கு. கொல்லத்து முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை சணல் சாக்கில்தான் வருகிறது. காலிச் சாக்கு கிடைத்தால் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். அரிசிச் சிப்பம் வந்த பிளாஸ்டிக் சாக்கு மழைக்கு ஓரளவு தாங்கும். அண்டா, குண்டா, இட்லிக் கொப்பரை எல்லாமே பெட்டிதான். அவற்றைக் காலியாக ஏற்றுவது வண்டியில் காற்றை ஏற்றுவது.

பீங்கானுக்கு உறை எதற்கு? நிற்கும் தூரத்தை நீட்டத்தான். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தட்டு அரை சென்டிமீட்டரில் நின்றால், அதன் மேல் விழும் தடுப்பு விசை அதன் எடையைப் போல நூறு மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் பத்து மடங்கு. நான்காக மடித்த சேலையோ காய்ந்த வாழைச் சருகோ இந்த வேலையைச் செய்யும். சருகு மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை வரும். கசக்கிய செய்தித்தாள் அமுங்கினால் திரும்ப எழாது. அதனால் நெருக்கித் திணித்து, பெட்டியை ஆட்டிப் பார்த்து, சத்தம் கேட்டால் இன்னும் திணிக்க வேண்டும். அதன் மை முழுக்கக் காயாத மை, வெள்ளைப் பீங்கானில் ஒட்டும். தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிற்க வைக்க வேண்டும். பீங்கான் அமுக்கத்துக்கு அஞ்சாது, வளைவுக்குத்தான் உடையும். படுத்திருக்கும் அடுக்கில் அடித்தட்டு வளைகிறது.

வண்டியில் அடிவரிசை கிரேட், அதன்மேல் அட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மூட்டை. புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் பக்கவாட்டில் தள்ளும் சரக்கை மூட்டைகள்தான் இடைவெளியில் புகுந்து பிடித்துக்கொள்ளும். புனலூரிலிருந்து இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு ஒரு வசதி: காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வண்டிகள். எப்படியும் எரியப்போகும் டீசல் அது.

போய் இறங்கியதும் அட்டைகளை முதலில் பிரிக்க வேண்டும், அன்றைக்கே. பிரித்ததைத் தட்டையாக மடித்து, தரையில் படாமல் கட்டில்மேல் வைத்தால் அடுத்தவருக்கு ஆகும். யாருக்கும் வேண்டாமென்றால் ஆக்ரிக்கடை, அதாவது பழைய சாமான் கடை. பபிள் ராப், டேப் போன்றவற்றைக் கேரளத்தில் வீடு தேடி வந்து கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை என்ற குழுவினரிடம் கழுவி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். கிரேட்டுகள் மறுநாள் காய்கறி வண்டியிலேயே பாவூர்சத்திரம் திரும்பிவிடும், முன்பணச் சீட்டைத் தொலைக்காதிருந்தால்.