மருந்து அடித்த சட்டை வீட்டுக்கு வரும்போது

வயலுக்கு மருந்து அடிப்பவர்களில் பலர் மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார்கள். சரி, ஆனால் திரவ மருந்து பெரும்பாலும் உடம்புக்குள் போவது தோல் வழியாகத்தான். அதிலும் எல்லா இடத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதத் தோலில் தடவிப் பார்த்த ஆய்வில், முன்கையில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை; நெற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது; விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும். முதுகில் மாட்டிய டேங்க் மூடி கசிந்து லுங்கி நனைந்தபடி நாள் முழுக்க அடிப்பவரை நினைத்துப் பாருங்கள்.

குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் ஆர்கனோபாஸ்பேட் என்ற வேதி வகை. தசைக்கு ஆணை சொல்ல நரம்பு நுனி அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். மருந்து அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. ஆணை நிற்பதே இல்லை. வியர்வையும் எச்சிலும் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாந்தி வரும், தசை துடிக்கும். முற்றினால் மூச்சுக்குழாயில் சளி நிறைந்து, மூச்சுத் தசையும் சோர்ந்துபோகும்.

முடங்கிய நொதி பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் "நேற்றும் இதைத்தானே அடித்தேன், ஒன்றும் ஆகலையே" என்பவர் மூன்றாம் நாள் வரப்பில் சாய்கிறார்.

அப்புறம் அந்தச் சட்டை வீட்டுக்கு வருகிறது. அதோடு பிள்ளையைத் தூக்குகிறோம். அதே வாளியில் பிள்ளையின் துணியும் ஊறுகிறது. சிறுபிள்ளைக்கு உடல் எடை குறைவு, விரல் எப்போதும் வாயில், போதாததற்கு இந்த நஞ்சை முறிக்கும் நொதியும் பெரியவர்களைவிடக் குறைவு. சோப்புப் போட்டுக் குளித்த பிறகு பிள்ளையைத் தொடுவதும், அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

காலி டப்பா இன்னும் மோசம். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த சமையல் எண்ணெயால் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். டப்பாவை எவ்வளவு கழுவினாலும் அதில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கக் கூடாது, ஓட்டை போட்டுவிடுங்கள்.

யாருக்காவது மயக்கம் வந்தால் நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பு நீரால் கழுவுங்கள். கழுவுபவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தில் உள்ள கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பாட்டிலின் லேபிளையும் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போடலாமா, வேறு சிகிச்சையா என்று டாக்டர் சீக்கிரம் முடிவெடுக்க முடியும்.