பியூகிள்: எக்காளமா, கொம்பா?

ஜூலை 31, மலேசியாவின் ஹரி பஹ்லாவான். வீரர் நாள் நிகழ்ச்சியைத் தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் ஓரிடத்தில் கை நின்றுவிடும். அணிவகுப்பு முடிந்தது, அடுத்து சீருடைக்காரர் ஒருவர் முன்னே வந்து சிறிய செம்பு வாத்தியத்தை உதட்டில் பொருத்தி 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுகிறார். அந்த வாத்தியத்தின் பெயர் என்ன? அவர் ஊதியதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'எக்காளம் முழங்கியது' என்கிறார் ஒருவர், 'ஊதுகுழல்' என்கிறார் இன்னொருவர், 'டிரம்பெட்' என்கிறார் மூன்றாமவர். மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால் 'கடைசி இடுகை' என்றுகூட வரலாம். ஒரு வீரனின் நினைவுக்கு ஊதுவதை வலைப்பூப் பதிவாக்குவது பெரும் பிழை. அதனால் இந்தச் சொல்லையும் இதைச் சூழ்ந்த சொற்களையும் வேர்வரை பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பொருள். பியூகிள் (பியூகல் என்றும் எழுதுகிறார்கள்) என்பது பொத்தான் எதுவும் இல்லாத உலோகக் கொம்பு. விரித்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம் வரும் குழாயை இரண்டு சுற்றாகச் சுருட்டிக் கையடக்கமாக்கியிருப்பார்கள். வாய்ப்பக்கம் ஒடுங்கி, வரவர அகன்று, மணிபோல் விரியும். பிரிட்டிஷ் மரபில் உடல் செம்பு, விளிம்பும் இணைப்புகளும் பித்தளை. டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமாக ஓடுவதால் அதன் ஒலி கூர்மையாக வெட்டும். பியூகிளின் ஒலி கொஞ்சம் உருண்டு, கனிந்து வரும். தூரத்திலிருந்து பார்த்தே பிரித்தறிய ஒரு வழி உண்டு: ஊதுபவரின் விரல்கள் மூன்று பொத்தான்களின் மேல் இருந்தால் அது டிரம்பெட். இன்று பல அணிகளில் பியூகிள் அழைப்பை டிரம்பெட்டில்தான் ஊதுகிறார்கள். ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு வாத்தியத்தின் பெயரை எழுதுங்கள்.

பொத்தான் இல்லையென்றால் சுரம் எங்கிருந்து வருகிறது? உதட்டிலிருந்து. ஒரே குழாயில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் அதன் இயற்கை ஒலிகள் படிப்படியாக எழும். படை அழைப்புகளுக்குப் பயன்படுபவை ஐந்து. அவற்றின் அதிர்வெண்கள் 2:3:4:5:6 என்ற விகிதத்தில் நிற்கும். கர்நாடக இசை தெரிந்தவருக்கு இதைச் சொல்வது சுலபம்: கீழ் ச, அதன்மேல் ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப. ச ப ச க ப, அவ்வளவுதான். ரி, ம, த மூன்றும் இந்த எல்லைக்குள் கிடைக்கவே கிடைக்காது. ஏழாவது ஒலி கைசிகி நிஷாதத்தை நெருங்கி, அதைவிடச் சற்று இறங்கி நிற்பதால் அதைத் தொடமாட்டார்கள். உலகம் முழுவதும் எத்தனையோ படைகள் இந்த ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டே ஒரு நாள் முழுவதையும் நடத்தியிருக்கின்றன.

இனி வேர். லத்தீனில் 'பூகுலுஸ்' என்றால் இளங்காளை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மாட்டைக் குறிக்கும் சொல்லானது. மாட்டுக் கொம்பில் செய்த ஊதுகருவியை 'பியூகிள் ஹார்ன்' என்றார்கள், அதாவது காளைக்கொம்பு. நாளடைவில் 'ஹார்ன்' உதிர்ந்து 'பியூகிள்' மட்டும் நின்றது. வேட்டைக்காரர்கள் கையில் இருந்ததைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஜெர்மானியர் முன்னோடிகள். 1758இல் ஹனோவர் படையின் இலகு காலாட்படை அரைநிலா வடிவச் செம்புக்கொம்பை ஊதியது. சிதறி நின்று போரிடும் வீரர்களுக்குப் பெரிய முரசைவிட, ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு ஓடக்கூடிய கொம்பு வசதி. அங்கிருந்து பிரிட்டிஷ் படைக்கு வந்து, பேரரசோடு ஊர் ஊராகப் போனது. 19ஆம் நூற்றாண்டில் பினாங்கில் காவல் இருந்தவர்கள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். ஜார்ஜ் டவுனில் 'சிப்பாய் லைன்ஸ்' என்று இன்றும் ஒரு சாலைப் பெயர் இருக்கிறது. கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிற்கும் வளாகம் ஒரு காலத்தில் 'மிண்டன் பாரக்ஸ்'. படைச் சொற்கள் இந்த ஊர்த் தமிழுக்குள் நுழைய இடம் இல்லாமல் இல்லை. தோட்டத்துக் காலைக் கணக்கெடுப்பை நம் பாட்டன்மார் 'பெரட்டு' என்றார்களே, அதுவே 'பரேட்'தான்.

தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? எக்காளம் என்று எழுதுவோர் அதிகம். எக்காளம் கோயில் புறப்பாட்டில் ஊதும் நீண்ட நேர்க்குழல், சுருட்டிய கைக்கொம்பு அல்ல. தவிர, 'எக்காளமிட்டுச் சிரித்தான்' என்றால் ஏளனம் வந்துவிடும். எல்லாவற்றையும்விட, தமிழ் விவிலியத்தில் 'கடைசி எக்காளம்' என்பது இறந்தோர் உயிர்த்தெழும் நாளில் தொனிப்பது. லாஸ்ட் போஸ்டை அப்படி எழுதினால் கிறிஸ்தவ வாசகர் வேறொன்றைத்தான் நினைப்பார். மலாயில் 'சங்காகாலா'வுக்கும் இதே சிக்கல். அந்தச் சொல்லின் முற்பாதி நம் சங்கு. ஆனால் 'தியுப்பான் சங்காகாலா' என்றதும் மலாய்க்காரர் மனத்தில் எழுவது இறுதித் தீர்ப்பு நாள். காளம் என்ற சொல்லும் உண்டு. அது காகளம் என்ற வடிவத்தின் வழி வடமொழியிலிருந்து வந்தது. காளைக்கும் காளத்துக்கும் முடிச்சுப் போட்டு, பியூகிளின் காளையோடு சேர்த்துக்கட்ட ஆசை வரும். அது தற்செயல் ஒற்றுமை, விட்டுவிட வேண்டும்.

எங்கள் தேர்வு கொம்பு. விலங்கின் கொம்பே ஊதுகருவியாகி, உலோகத்துக்கு மாறிய பின்னும் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கிறது தமிழ். பியூகிளின் கதையும் அதுவேதான். திருவிழாக் கொம்பிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் 'படைக்கொம்பு' எனலாம். ஊதுபவர் கொம்பூதுநர். சங்க இலக்கியத்தில் இதற்கு 'வயிர்' என்ற அழகான சொல் இருக்கிறது. வென்று திரும்பும் படையைச் சொல்லும்போது முல்லைப்பாட்டு 'வயிரும் வளையும் ஆர்ப்ப' என்கிறது. வயிர் கொம்பு, வளை சங்கு. கவிதைக்கு வயிர் பொருந்தும். செய்திக்குக் கொம்பு போதும்.

வாத்தியத்தின் பெயரைவிட அழைப்புகளின் பெயர்களில்தான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் சறுக்குகிறார். கடிகாரம் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் பாசறைக்குக் கொம்புதான் மணிக்கூண்டு. பக்கத்து முகாமின் அழைப்புக்கு இந்த முகாம் எழுந்து ஓடாமலிருக்க, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி அடையாள அழைப்பு உண்டு. அதை முதலில் ஊதி, பிறகுதான் செய்தியை ஊதுவார்கள்.

விடியலில் ஊதுவது ரெவெலி. பிரெஞ்சில் 'விழித்தெழுங்கள்' என்ற ஏவல். இதற்குப் புதுச்சொல் படைக்கத் தேவையே இல்லை. துயிலும் மன்னனைச் சூதர் பாடி எழுப்புவதைத் தொல்காப்பியம் 'துயிலெடை நிலை' என்கிறது. துயிலெடை அழைப்பு என்றால் கச்சிதம். அடுத்து கணக்கெடுப்பு, உணவு, நோயாளிகள் மருத்துவரிடம் செல்லவேண்டிய நேரம், தண்டனை பெற்றோர் ஆஜராகும் நேரம் என்று பகல் முழுவதும் அழைப்புகள். சாப்பாட்டு அழைப்பு போன்றவற்றுக்கு வீரர்கள் தங்கள் மொழியில் சொற்களைப் பொருத்திப் பாடி மனத்தில் வைத்துக்கொண்டார்கள். சொற்கட்டு சொல்லித் தாளம் பழகுவது போலத்தான். ஐந்து சுரங்களுக்குள் டஜன் கணக்கில் அழைப்புகள் இருக்கும்போது, காதுக்குப் பிடிமானம் தருவது நடைதான்.

மாலையில் 'ரிட்ரீட்'. அகராதியைத் திறந்து 'பின்வாங்கல்' என்று போட்டால் படை தோற்று ஓடுவதாகிவிடும். இங்கே அது பொழுது சாய்கையில் கொடியை இறக்கிப் பாசறை அடைவது. டெல்லியில் ஜனவரி 29இல் நடப்பதைத் தமிழ்ச் செய்திகள் 'பாசறைக்குத் திரும்பும் நிகழ்ச்சி' என்று நெடுங்காலமாகச் சொல்கின்றன. அருமையான ஆக்கம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'டாட்டூ' இன்னொரு கண்ணி. பச்சை குத்துவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அது பசிபிக் தீவுகளின் சொல். படை டாட்டூ டச்சு மொழியில் 'பீப்பாய்க் குழாயை மூடு' என்ற தொடரிலிருந்து வந்தது. மதுக்கடையை அடைத்து வீரர்களை முகாமுக்கு அனுப்பும் இரவு அழைப்பு அது.

இனி லாஸ்ட் போஸ்ட். போஸ்ட் என்பது அஞ்சலும் அல்ல, அஞ்சலியும் அல்ல. காவலர் நிற்கும் இடம். இரவில் அதிகாரி காவலிடங்களைப் பார்வையிடத் தொடங்கும்போது 'ஃபர்ஸ்ட் போஸ்ட்', கடைசிக் காவலிடத்தையும் பார்த்து முடித்ததும் 'லாஸ்ட் போஸ்ட்'. முகாம் பத்திரமாக இருக்கிறது, இனி உறங்கலாம் என்று பொருள். சிறிது நேரம் கழித்து விளக்கணை அழைப்பு வரும். நாள்தோறும் கேட்ட இந்த இரவொலியே இறந்த வீரனின் காவல் முடிந்ததென்று சொல்லும் ஒலியாக மாறியது. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் மெனின் வாயிலின் அடியில் 1928 முதல் இரவு 8 மணிக்கு இதை ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஆக்கிரமிப்பின்போது அங்கே நின்றுபோனது. தமிழில் 'இறுதிக் காவல் அழைப்பு' என்றால் பழைய பொருளும் புதிய பொருளும் இரண்டும் நிற்கும்.

பள்ளி கேடட் அணிகளும் பாய்ஸ் பிரிகேட் பிள்ளைகளும் கவனிக்க வேண்டிய ஒன்று. இணையத்தில் தேடியதும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க 'டேப்ஸ்'. 1862இல் வர்ஜீனியாவில் பட்டர்ஃபீல்ட் என்ற தளபதி அமைத்தது, மொத்தம் 24 சுரம். 'ப ப ச, ப ச க' என்று தொடங்கினால் அது டேப்ஸ். மலேசியா பின்பற்றும் காமன்வெல்த் மரபில் ஊதவேண்டியது லாஸ்ட் போஸ்ட், அது இன்னும் நீளமானது. இரண்டும் சோகமாக ஒலிப்பதால் மாறிப்போனது பலருக்குத் தெரிவதில்லை.

சரியான அழைப்பைத் தேர்ந்தாலும் மேல் ப உடைவதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் பதற்றம் மட்டுமல்ல. கீழே 'ச'வுக்கும் 'ப'வுக்கும் இடைவெளி பெரிது. மேலே ஏற ஏற ஒலிகள் நெருங்கிவிடுகின்றன. உதடு சற்றே தளர்ந்தால் காந்தாரத்தில் விழும், சற்றே இறுகினால் அந்த ஆகாத ஏழாவது ஒலியில் ஏறும். அதிலும் கொம்பூதுநர் வெயிலில் அரை மணிக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டு, காய்ந்த உதட்டோடு முதல் சுரத்தையே சுத்தமாக எடுக்க வேண்டும். ஊதுவாயை உள்ளங்கையில் மூடி வைத்திருப்பது, ஓசை எழாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விடுவது, இரண்டும் உதவும். எட்டாத சுரத்துக்காக ஊதுவாயை உதட்டில் அழுத்தக்கூடாது. இரத்த ஓட்டம் நின்று உதடு மரத்துவிடும். குளிர்சாதனப் பேருந்திலிருந்து நேரே திடலுக்கு இறங்கினால் உலோகம் குளிர்ந்திருப்பதால் சுருதி இறங்கும், உள்ளே நீர் கோக்கும். நீர் தேங்கினால் ஒலி கொரகொரக்கும். பெரும்பாலான பியூகிளில் நீர் வெளியேற்றும் விசை இல்லை என்பதால், ஊதுவாயைக் கழற்றிக் குழாயைச் சுழற்றிக் கவிழ்த்து வடிக்க வேண்டும். ஊதுவாயை மாட்டியபடியே பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். குறடு போட்டுத் திருகினால் மெல்லிய செம்பு முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று இழுவைக் கருவி இருக்கிறது, வாத்தியக் கடையில் எடுத்துத் தருவார்கள்.

நினைவு நிகழ்ச்சியில் லாஸ்ட் போஸ்டை அடுத்து வரும் மௌனத்துக்குப் பின் ஊதுவதைப் பலரும் ரெவெலி என்று எழுதுகிறார்கள். வழக்கமாக அப்போது ஊதுவது 'ரௌஸ்' என்ற குறுகிய அழைப்பு. ரெவெலிக்குப் பிறகு வீரர்களைப் படுக்கையைவிட்டுக் கிளப்ப ஊதியது அது. அதை 'எழுச்சி' எனலாம். பினாங்கு பாடாங் கோத்தா லாமாவின் போர் நினைவுச் சின்னத்தருகே நவம்பரில் நடக்கும் நிகழ்ச்சியை எழுதுபவர், இந்த வரிசையை அப்படியே தமிழில் தரலாம்: "கொம்பூதுநர் இறுதிக் காவல் அழைப்பை ஊதினார். கொடி தாழ்ந்தது. மௌனம். பின்னர் எழுச்சி ஒலிக்க, கொடி மீண்டும் உயர்ந்தது."