டர்பன் கரையில் லைடார்: புகை அடுக்கை டக்ட் என்று நம்பிவிடாதீர்கள்

டர்பன் பக்கம் பெர்க் காற்று வீசும் நாட்களில் படகின் வி.எச்.எஃப். ரேடியோ செட்டில் வெகுதூரத்துப் பேச்சு கேட்பதுண்டு. எங்கோ இருக்கும் கரை பக்கத்தில் இருப்பதுபோல் ரேடாரில் தெரிவதுமுண்டு. செட்டைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் சூடான வறண்ட காற்று, கடல்மேல் கிடக்கும் ஈரக்காற்றை மூடிபோட்டதுபோல் அமுக்குகிறது. அங்கே ரேடியோ விலகல் எண், அதாவது காற்று ரேடியோ அலையை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 157-க்கு மேல் குறைந்தால் அலை அந்த அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதுதான் டக்ட். சாதாரண நாளில் குறைவு 40 அளவுதான்.

லைடார் என்பது லேசர் ஒளியை அனுப்பிக் காற்றை அளக்கும் கருவி. அதில், காற்றிலுள்ள துகள்கள் திருப்பியனுப்பும் லேசர் ஒளி சட்டென்று குறையும் உயரத்தை அடுக்கின் உச்சி என்று குறிப்பது வழக்கம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகரையில் இது ஏமாற்றும். அறுவடைக்கு முன் கரும்பு வயலைக் கொளுத்துவார்கள். அந்தப் புகையும் திரையில் பளிச்சென்று ஓர் அடுக்காகவே விழும். ஈரம் மாறாத இடத்தில் புகை எவ்வளவு இருந்தாலும் அலை வளையாது. போதாக்குறைக்கு, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் ஊதி, எண்ணிக்கை கூடாமலே சிக்னல் கூடும்.

அளக்க வேண்டியது நீராவியை. 20 பாகை வெப்பத்தில் நீராவி அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் விலகல் எண் 4-க்கு மேல் இறங்கும். வெப்பம் 1 பாகை ஏறினால் ஒன்றரைதான். 355 நானோமீட்டர் லேசர் அனுப்பி, நைட்ரஜனுக்கு 387, நீராவிக்கு 408 ஆகிய ராமன் சேனல்களின் (மூலக்கூறுகள் அலைநீளம் மாற்றித் திருப்பியனுப்பும் ஒளியைப் பிடிப்பவை) விகிதத்தை எடுத்து, காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தபடி மேலேறும் ரேடியோசோண்ட் பலூனோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். ராமன் ஒளி மிக மெல்லியது. பகல் வெளிச்சத்தில் மூழ்கிவிடும் என்பதால் இரவே நல்லது.

இன்னொரு தொல்லை, லேசர்க் கற்றை தொலைநோக்கியின் பார்வைக்குள் முழுதாக நுழைய முதல் சில நூறு மீட்டர் போய்விடும். நமக்கு வேண்டியதோ அந்த உயரம்தான். கருவியை அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்துக்குச் சாய்த்தால் 300 மீட்டர் தொலைவு என்பது 52 மீட்டர் உயரமாகிவிடும். கடலை நோக்கிச் சாய்க்குமுன் விமானப் போக்குவரத்து அனுமதியும் கண் பாதுகாப்புக் கணக்கும் கையில் இருக்கட்டும். கருவியின் கண்ணாடிச் சன்னலில் உப்பு படிந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். உலர்துணியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும்.

அடுக்கின் தடிமனையும் பாருங்கள். கடல் வி.எச்.எஃப்.பின் அபாய அழைப்புச் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், சிக்க ஏறத்தாழ 170 மீட்டர் வேண்டும். 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்குப் பன்னிரண்டு மீட்டரே போதும். கடல்நீர் ஆவியாகி அலைமட்டத்தை ஒட்டி உண்டாகும் மெல்லிய டக்ட் ரேடாரை மட்டும் பிடித்து வி.எச்.எஃப்.பை விட்டுவிடுவது இதனால்தான். அதை லைடாரில் தேட வேண்டாம். கடல்நீர்ப் பரப்பின் வெப்பநிலையும், கம்பத்தில் இரண்டு மூன்று உயரங்களில் கட்டிய ஈரப்பதமானிகளும் போதும்.