காது கேட்காத கிட்டார்

திருமங்கலத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பத்து வயது மகள் எலெக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கடைக்காரரோ, 'ரெண்டு வருஷம் சாதா கிட்டார்ல விரல் காய்ப்பேறட்டும், அப்புறம் எலெக்ட்ரிக் பாத்துக்கலாம்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

மகள் சொல்வதைக் கேளுங்கள்.

சாதா கிட்டாரில் நம் காதுக்கு எட்டும் சத்தம் பெரும்பாலும் மரப்பெட்டி போடுவது. தந்தி பலகையை அசைக்கிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது. பலகையை அசைக்கும் அளவுக்குத் தந்தி கனமாக, இறுக்கமாக இருந்தாக வேண்டும். குழந்தையின் விரல் நோவது அதனால்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்கு அந்த வேலையே கிடையாது. அது சும்மா ஆடினால் போதும், சத்தம் போடும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருக்கு. உடலும் உள்ளே கூடு இல்லாத கட்டை என்பதால் தந்தியின் ஆற்றல் சீக்கிரம் கரையாமல் சுரம் நீண்டு நிற்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கமகம் இழைத்ததும் ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினில்தான்.

தந்தி ஆடுவது ஆம்ப்புக்கு எப்படித் தெரிகிறது? தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சின்னப் பட்டைக்குப் பிக்கப் என்று பெயர். அதற்குள் பொதுவாகத் தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சிகள். அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பார்த்திருப்பீர்களே, அதே வகைக் கம்பிதான். ஆனால் தலைமுடி அளவுக்கு மெல்லியது, 0.06 மில்லிமீட்டர் சொச்சம். அதை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். வெளியில் இருந்து அதற்கு ஒரு சொட்டு மின்சாரம்கூட வருவதில்லை.

காந்தத்தின் பக்கத்திலேயே இருப்பதால் எஃகுத் தந்தியின் அந்தத் துண்டும் குட்டிக் காந்தமாகிவிடுகிறது. மீட்டியதும் அந்தக் குட்டிக் காந்தம் காயிலுக்கு மேலே போய்வரத் தொடங்கும். சுருள் வழியே செல்லும் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதும், நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்ததும் இதுதான். தடித்த தந்தி நொடிக்கு 82 முறை ஆடினால் மின்னழுத்தமும் 82 முறை ஏறி இறங்கும். மெல்லிய தந்திக்கு 330 முறை. ஜார்ஜ் பீச்சம் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1937-இல். அடிப்படை இன்றும் அதேதான்.

எனக்கு இதில் தீராத வியப்பு, பிக்கப்புக்குக் காது கேட்காது என்பது. நல்ல பிக்கப்பின் மேல் வாயை வைத்துப் பாடிப் பாருங்கள், ஸ்பீக்கர் வாய் திறக்காது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் காந்தக் குச்சியைத் தொடுங்கள், 'டொக்' என்று அதிரும். நைலான் தந்தி மாட்டினால் ஊமை. தந்திகள் உடலில் ஊன்றி நிற்கும் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்பில் மேற்சுரங்கள் தூக்கலாகிக் கூர்மையாகக் கேட்கும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் அடிப்படைச் சுரம் நிறைந்து குழைவாக வரும். அதே தந்தி, அதே மீட்டல். ஸ்விட்ச் மாற்றுவது, தந்தியின் எந்த இடத்தைக் கவனிப்பது என்பதை மட்டும்தான்.

  

சரி, காயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், பழைய டியூப்லைட் சோக், இன்வெர்ட்டர் என்று 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம் பரப்பும் காந்தப்புலத்தையும் பிடித்து 'ம்ம்ம்' என்று முனகும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு வழி கண்டார். பக்கத்தில் இன்னொரு காயில், அதில் காந்தமும் தலைகீழ், இணைப்பும் தலைகீழ். வெளியில் இருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராகி அடிபட்டுப் போகும். தந்தியின் சுரம் மட்டும் இரண்டு தடவை தலைகீழாகி நேராகிவிடுவதால் கூடிக்கொள்ளும். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைத்தான் காட்டுவேன். இந்த இரட்டைக் காயில் பிக்கப்பை ஹம்பக்கர் என்று கடையில் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஓடும் வீட்டுக்கு அதுதான் தோது.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறதா, கவலை இல்லை. தந்தி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே மெயின் ஸ்விட்சை அணையுங்கள். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியன் எர்த் பார்த்த பிறகே கிட்டார் குழந்தை கைக்குப் போகட்டும்.

இனி அளவு. பெரியவர்கள் கிட்டாரில் தந்தியின் நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம். ஒரே தந்தி, ஒரே சுரம் என்றால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 24 அங்குலக் கிட்டாரில் அது 11 சதவீதம் குறையும், 22.75 அங்குலத்தில் 20 சதவீதம். விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளும் நெருங்கி வரும். கடையில் உட்கார வைத்து, முதல் ஃப்ரெட்டுக்குக் கை தோளை இழுக்காமல் எட்டுகிறதா என்று பாருங்கள். தந்தி ஒன்பதாம் நம்பர் செட், அதாவது மிக மெல்லிய தந்தி 0.009 அங்குலத் தடிமன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். ஆம்ப் பத்து வாட் தாராளம், ஹெட்ஃபோன் செருக இடம் இருக்கட்டும்.

மரத்தைப் பற்றிக் கடையில் கதை கதையாகச் சொல்வார்கள். விரல்பலகைக்கு நம் மலை ஈட்டி மரத்தை உலகமே விரும்புகிறது, உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் முதல் கிட்டாரில் "இந்த மரம்தான் பாடும்" என்று விலையேற்றுவதில் எனக்கு ராசிக்கல் வாடை அடிக்கிறது.

பழைய கிட்டார் வாங்குவதாக இருந்தால் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனையின் நுனிக்கும் உறைக்கும் இடையே தடையை அளங்கள். 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. இருநூறைத் தாண்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஸ்விட்சைத் தட்டி ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாகப் பாருங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது, முதல் கிட்டாருக்கு அது தேவையும் இல்லை.