'பிள்ளை, 1932' என்றால் எந்தப் பிள்ளை?

ஆய்வேடு முடிக்கும் தறுவாயில் மாணவர்கள் துணைநூற்பட்டியலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வருவார்கள். அதைச் சரிபார்த்துத் தருவது என் வேலையில் ஒரு பகுதி. தமிழ் இலக்கிய வரலாறு, தென்னிந்திய வரலாறு என்றால் பட்டியலில் ஒரு இடம் கட்டாயம் இருக்கும். பிள்ளை, எல். டி. எஸ்., 1922. பிள்ளை, கே. என். எஸ்., 1932. பிள்ளை, எஸ். வி., 1956. கீழே கீழே, ஒரே வீட்டார் எழுதிக் குவித்தது போல நிற்கும். அகராதி, பஞ்சாங்கக் கணிதம், நாட்குறிப்பு, நாடகம், கோயில் வரலாறு எல்லாம் அந்த ஒரே பெயருக்குக் கீழே.

இவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் உறவு இல்லை. முதலாமவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, 1865இல் பிறந்த கத்தோலிக்கர், கி.பி. 700 முதல் 1799 வரையான இந்திய நாள்காட்டியைக் கணக்கிட்டுத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர், பிறகு சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். கல்வெட்டில் திதியும் நட்சத்திரமும் கிழமையும் கிடைத்தால் அதை ஆங்கில நாளாக மாற்ற இன்றைக்கும் அவர் புத்தகத்தைப் புரட்டுகிறோம். இரண்டாமவர் கே. என். சிவராஜ பிள்ளை, சங்ககால அரசர்களின் தலைமுறைகளை வரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். மூன்றாமவரான எஸ். வையாபுரிப் பிள்ளையைச் சொல்லத் தேவையில்லை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர்.

சரி, பெயரை எப்படிப் போட்டால் என்ன, புத்தகத் தலைப்புதான் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பார்கள். பட்டியலில் தலைப்பு இருக்கும், கட்டுரையின் நடுவே இருக்காது. 'பிள்ளையின் காலக்கணிப்பை ஏற்றால்' என்று நடுவில் ஒரு வரி வந்தால் என்ன செய்வீர்கள்? சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளைப் பஞ்சாங்கக் கணக்கால் கி.பி. 756 என்று சொன்னவர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. பல நூல்களின் காலத்தைப் பிற்காலத்துக்குத் தள்ளி பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்தவர் வையாபுரிப் பிள்ளை. சங்கப் பாடல்களை வைத்துத் தலைமுறை எண்ணியவர் சிவராஜ பிள்ளை. திருஞானசம்பந்தரின் காலத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த, 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை. நான்கு பேரும் வேலை செய்தது காலக்கணிப்பில்தான், ஆனால் முறை வேறு, முடிவும் வேறு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டால் அந்த வாதமே கெட்டுப்போகும்.

தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் இது இன்னும் சிக்கல். நச்சினார்க்கினியர் உரை என்று 1885இல் அதை அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை. அதில் கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியர் என்ற பெயருள்ள இன்னொரு பழைய உரையாசிரியருடையது என்று பின்னால் வந்த அறிஞர்கள் காட்டினார்கள். இளம்பூரணர் உரையை அச்சுக்குக் கொண்டுவந்ததில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் வையாபுரிப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஆக ஒரே நூல், மூன்று உரைகள், மூன்று பிள்ளைகள். 'பிள்ளை பதிப்பு' என்று அடிக்குறிப்பு போட்டால் எந்த உரையைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்பதே யாருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், மேல்நாட்டுக் குடும்பப்பெயருக்காக வகுத்த விதியை நாம் அப்படியே எடுத்துக்கொண்டதில் இருந்துதான். மேற்கோள் சாப்ட்வேரில் பெயரைத் தட்டினால் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்து முன்னால் போட்டு, மீதியை எழுத்தாகச் சுருக்கிவிடும். நம்மிடம் கடைசியில் இருப்பது பட்டம். வேளாளர் போட்டுக்கொண்டார்கள், கேரளத்தில் நாயர்கள் போட்டுக்கொண்டார்கள், நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை போல இசைவேளாளரும் போட்டுக்கொண்டார்கள். சுவாமிக்கண்ணு, வையாபுரி, சிவராஜ என்று அவரவருக்கு வைத்த பெயரைச் சுருக்கி வெறும் எழுத்தாக்கிவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொதுவான பட்டத்தை முழுசாக எழுதுகிறோம். ஒருவரை அடையாளம் காட்டுவது எதுவோ அதைத்தான் தூக்கி எறிகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இதை அப்போதே யோசித்தார். அவர் பெயரில் எஸ் என்பது சீர்காழி (அப்போது ஷியாளி), ஆர் என்பது தந்தை ராமாமிர்தம், குடும்பப்பெயர் என்று எதுவும் கிடையாது. 1934இல் வந்த அவருடைய பட்டியல் விதித்தொகுப்பில் தென்னிந்தியப் பெயர்களைத் தனியாகவே எடுத்துப் பேசினார். கடைசிச் சொல் சாதியை மட்டும் குறித்தால் அதற்கு முந்தைய சொல்லையும் சேர்த்து முன்னால் எழுதச் சொன்னார். அதாவது 'வையாபுரிப் பிள்ளை, எஸ்.' என்று. இவ்வளவு எளிய விதி கையில் இருந்தும் 'பிள்ளை, எஸ். வி.' இன்றைக்கும் அச்சில் வந்துகொண்டிருக்கிறது.

தாமோதரம்பிள்ளைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மனிதர் பட்டியலில் எத்தனை துண்டாக உடைய முடியும் என்பதற்கு அவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர், தந்தை வைரவநாதபிள்ளை. தமிழில் சி. வை. தாமோதரம்பிள்ளை, ஊரும் தந்தையும் முன்னெழுத்தில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சி. டபிள்யூ. என்று வரும். யாழ்ப்பாண வழக்கப்படி பிள்ளை பெயரோடு ஒட்டியே வரும், பிரிக்கக் கூடாது. சென்னையில் அச்சான சில ஆங்கிலக் குறிப்புகளிலோ 'டாமோதரம் பிள்ளை' என்று பிரித்துவிட்டார்கள். ஆகவே ஒரு கேட்லாகில் டி (D) எழுத்தில், இன்னொன்றில் டி.ஹெச். (Th) எழுத்தில், மூன்றாவதில் பி (P) எழுத்தில் இருப்பார். வீரசோழியம், கலித்தொகை, தொல்காப்பியம் எல்லாவற்றையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த மனிதரின் மொத்தப் பணியையும் ஒரே தேடலில் பார்க்க முடியவில்லை என்றால், அவர் செய்தது பாதிக்குப் பாதி கண்ணில் படாமலே போகிறது.

பிரெஞ்சு ஆவணங்களில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்த ரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904இல் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. அது எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் 1894இல் ழூலியன் வின்சோன் பிரெஞ்சில் வெளியிட்ட பகுதிகளில் பெயர் 'ஆனந்தரங்கப்புல்லே' என்று ஒரே சொல்லாக இருக்கிறது. பிள்ளை என்று தேடினால் அது வரவே வராது. அதே குடும்பத்தில் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளையும் பின்னால் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். இங்கே உறவு நிஜமாகவே இருக்கிறது, அதனாலேயே இரண்டு பேரின் குறிப்பும் கலந்துவிடாமல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கேரளப் பக்கம் போனால் இரண்டு குஞ்ஞன் பிள்ளைகள். இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வரலாற்று ஆசிரியர், சூரநாடு குஞ்ஞன் பிள்ளை மலையாளப் பேரகராதியின் பதிப்பாசிரியர். அங்கே ஊர்ப்பெயர்தான் ஆளைக் காட்டுகிறது, அதை வெட்டினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். 'பிள்ளை, லெக்சிகன்' என்று ஒரு துண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு வருகிறவருக்குத் தமிழ் அகராதியா மலையாள அகராதியா என்று கேட்டுத்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொன்ன பிறகு பலர் பெயரிலிருந்து அதை நீக்கினார்கள், பழையவர்களுக்கும் மற்றவர்கள் நீக்கினார்கள். நல்ல காரியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுந்தரம் பிள்ளை சுந்தரனார் ஆனார், திருநெல்வேலிப் பல்கலைக்கழகமே அந்தப் பெயரில் இருக்கிறது. சிதம்பரம் பிள்ளை சிதம்பரனார் ஆனார். ஆனால் கேட்லாகில் இரண்டு வடிவத்தையும் இணைத்து வைக்காவிட்டால் பழைய பதிப்பு ஒரு பக்கம், புதிய பதிப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். இன்றைக்கு நாம் எந்த வடிவத்தை விரும்பினாலும், தலைப்புப் பக்கத்தில் அச்சான பெயரை அப்படியே பதிவுசெய்துவிட்டு மற்ற வடிவத்துக்கு இணைப்புக் கொடுப்பதுதான் முறை.

மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். சாப்ட்வேர் தருவதை அப்படியே ஒட்டாதீர்கள். மேற்கோள் கருவிகளில் பெரும்பாலானவற்றில் பெயரை ஒரே கட்டத்தில் முழுசாக இட வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் கைடு குடும்பப்பெயர்தான் முதலில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 'பிள்ளை, எஸ். வையாபுரி' என்றாவது எழுதுங்கள், வையாபுரியைச் சுருக்காதீர்கள். அவரவரே வைத்துக்கொண்ட வடிவத்தையும் மாற்ற வேண்டாம். சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் கே. கே. பிள்ளை என்றே போட்டுக்கொண்டார், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒய், அவரை அப்படியே தேட வேண்டும். உலக நூலகங்கள் பெயர் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வையாஃப் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பல வடிவங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஈழத்து ஆசிரியர்கள் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத் தளத்தையும் பாருங்கள்.

நீங்களே கட்டுரை எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் கட்டுரைக்கு முன்பே உங்கள் பெயர் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று முடிவுசெய்து, ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் ஒன்றை வாங்கிவிடுங்கள், காசு கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் ஆகிவிட்டவர்களுக்கு இது இன்னும் அவசியம், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரைகளில் பாதி அப்பா பெயரில் போய்ச் சேரும்.

அப்புறம், தாத்தாவின் கடிதங்களையும் கைப்பிரதிகளையும் நூலகத்துக்குத் தர நினைக்கிறவர்கள் நிறையப் பேர் பெட்டியின் மேல் 'பிள்ளைவாள் பேப்பர்கள்', 'முதலியார் கடிதங்கள்' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்குள் அது போதும், எங்கள் அலமாரியில் போதாது. அவருடைய முழுப்பெயர், அவர் கையெழுத்துப் போட்ட விதம், தந்தை பெயர், ஊர், பிறந்த இறந்த ஆண்டு, பார்த்த வேலை, வேறு பெயரில் எழுதியிருந்தால் அந்தப் பெயர், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.