லாரி வரையும் பிள்ளைக்கு ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளிடம் பிடித்த வண்டியை வரையச் சொன்னால், பலர் லாரியைத்தான் வரைவார்கள். பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்கிற, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓட்டுநர் ஒருவரையாவது அறிந்த பிள்ளைகள் அவர்கள். ஓவிய ஆசிரியரான எனக்கு வியப்பாக இருப்பது, தினமும் பார்க்கும் வண்டியை அவர்கள் எவ்வளவு சிறிதாக வரைகிறார்கள் என்பதே: ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு சின்னப் பெட்டி, அடியில் இரண்டு வட்டம், பக்கத்தில் கூரையைத் தொடும் உயரத்தில் ஒரு பையன்.

ஐந்து வயதில் இதைத் திருத்தக் கூடாது. தனக்கு முக்கியமானதைப் பெரிதாகப் போடுவது அந்த வயதின் இயல்பு. ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகள் தாமாகவே ‘நிஜம் மாதிரி’ வர வேண்டும் என்று ரப்பரைத் தேய்க்கத் தொடங்குவார்கள். அளவைக் கற்றுக்கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். பெற்றோர் பலர் அப்போது கைப்பேசியில் ‘ஐந்தே படிகளில் லாரி’ என்று ஒரு காணொலியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து வரையும் பிள்ளைக்கு அந்த ஒரு படம் பழகுமே தவிர, லாரி பழகாது.

நான் சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன். கனரக லாரியின் டயர் நின்ற நிலையில் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் இருக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நெஞ்சு வரை வரும். ஆகவே டயரையே அளவுகோலாக வைத்து, வண்டி எத்தனை டயர் நீளம், கேபின் எத்தனை டயர் உயரம் என்று, கையை நீட்டி, பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து எண்ணச் சொல்கிறேன். பத்துச் சக்கர லாரி என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் ஐந்து வட்டம் போட்ட பையன், பின்னச்சு இரண்டிலும் இரட்டை டயர் இருப்பதால் பக்கத்திலிருந்து மூன்றுதான் தெரியும் என்பதை இப்படி எண்ணும்போதுதான் கண்டுபிடித்தான்.

இதற்குச் சாலையோரம் ஏற்ற இடமன்று. பட்டறை வளாகத்துக்குள், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்ட வண்டியைத்தான் வரைய வேண்டும்; அதன் அடியில் யாரும் குனியக் கூடாது, ஓட்டுநரோ மேஸ்திரியோ உடன் இருக்க வேண்டும்.

அடுத்து சார்ட் தாளில் 1 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்ற கணக்கில் பக்கத்தோற்றம். நாங்கள் அளந்த 9 மீட்டர் லாரி தாளில் 45 சென்டிமீட்டர் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தது. முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு அவர் கண்ணுக்கு 80 சென்டிமீட்டர் முன்னால், 1.8 மீட்டர் உயரத்தில் இருந்தது. தாளில் கண்ணை 12 சென்டிமீட்டர் உயரத்திலும், விளிம்பை 4 சென்டிமீட்டர் முன்னால் 9 சென்டிமீட்டர் உயரத்திலும் குறித்து, இரண்டையும் இணைக்கும் கோட்டைத் தரை வரை நீட்டினோம். அது வண்டியின் முகப்பிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளித் தரையைத் தொட்டது. அதாவது உண்மையில் 2.4 மீட்டர். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் ஓட்டுநருக்கு நேராகத் தெரியாது.

பிறகு அதே அளவில் தன்னை வரைந்து வெட்டியெடுக்கச் சொன்னேன். 1.2 மீட்டர் உயரமுள்ள ஒரு சிறுமியின் உருவம் 6 சென்டிமீட்டர் வந்தது. அவள் அதை முகப்பை ஒட்டி வைத்தாள். தலை கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 4 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகுதான் உச்சந்தலை கோட்டுக்கு மேலே வந்தது. “அதுவும் தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது” என்றாள். நின்றிருக்கும் லாரியின் முன்னால் புகுந்து ஓடாதே என்று நாம் ஆயிரம் முறை சொன்னதை அவள் அளந்தே பார்த்துவிட்டாள். வண்டிக்கு வண்டி அளவு மாறும். முகப்பைக் காட்டும் துணைக் கண்ணாடி உள்ள வண்டியில் மறைவு குறையும், ஆனால் ஓட்டுநர் அந்த நொடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தமாக லாரி வைத்திருப்பவர்கள் இந்த மூன்று அளவுகளையும் எடுத்துத் தம் வண்டிக்கு இதே கோட்டைப் போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான்.

அந்தப் படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தபோது, மகனை அழைத்துப் போக வந்த ஓட்டுநர் ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “முன்னாடியாவது கண்ணாடி வச்சுச் சமாளிச்சுக்கலாம் சார். நாங்க உக்கார்றது வலது பக்கம். இடது பக்கக் கதவுக்குக் கீழ சைக்கிள் வந்து ஒட்டுனா, திரும்புற நேரத்துல ஒண்ணும் தெரியாது” என்றார்.

பக்கத்தோற்றத்தில் அதைக் காட்ட வழியில்லை. மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய வேண்டும். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, மறுவாரம் ஒரு சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் நனைத்து, சிமென்ட் தரையில் மெதுவாக இடப்பக்கம் வளைத்து உருட்டினோம். பின்சக்கரத்தின் ஈரத்தடம் முன்சக்கரத் தடத்துக்கு உட்புறமாக விழுந்தது. முன்பின் அச்சுகளுக்கு நடுவே பல மீட்டர் இடைவெளி உள்ள லாரியில் அந்த விலகல் எவ்வளவு இருக்கும் என்பதை வரைவதற்குச் சார்ட் தாள் போதவில்லை. சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்து மேடைக்குப் போனோம்.